பாட்டு வகுப்பு விளையாட்டில் பிள்ளைகள் ஏன் பாதியில் கலைந்து போகிறார்கள்?

வணக்கம் டீச்சர். உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரிகிற மாதிரி சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை உங்களுக்குப் பாட்டு வகுப்பு, 30 பிள்ளைகள், 40 நிமிடப் பீரியட். விளையாட்டு வைத்தால் முதல் ஐந்து நிமிடம் ஒரே கொண்டாட்டம். பத்தாவது நிமிடத்தில் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் நிற்கிறார்கள், மீதிப் பேர் ஒருவர் ஸ்வெட்டரை ஒருவர் இழுக்கிறார்கள். போதாக்குறைக்கு ஹெச்.எம். வந்து "என்ன டீச்சர் இவ்வளவு சத்தம்" என்கிறார். புதுப்புது விளையாட்டுக்கு எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

புது விளையாட்டு எதுவும் தேட வேண்டாம். அடுத்த வகுப்பில் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு பிள்ளையை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் வந்து குதிக்கிற பிள்ளை வேண்டாம், இருக்கிற இடம் தெரியாத பிள்ளையாக இருக்கட்டும். அந்தப் பிள்ளை எத்தனை நிமிடம் பாடியது, தட்டியது, நடந்தது, எத்தனை நிமிடம் தன் முறை வரும் என்று சும்மா இருந்தது என்று கடிகாரத்தைப் பாருங்கள். நடுவில் ஒவ்வொருவராக வந்து ஒரு நிமிடம் ஆடிவிட்டுப் போகிற வட்ட விளையாட்டு என்றால் கடிகாரமே தேவையில்லை. 30 பேர், 30 நிமிடம். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் ஆட்டம், 29 நிமிடம் வேடிக்கை. ஏழு வயதுப் பிள்ளையை விடுங்கள், மீட்டிங்கில் நாமே 29 நிமிடம் சும்மா உட்காருகிறோமா? கீழே போனை வைத்துக்கொண்டு நோண்டுகிறோம். பிள்ளைகளிடம் போன் இல்லை, பக்கத்துப் பிள்ளையின் ஸ்வெட்டர்தான் இருக்கிறது.

அதனால் நான் எந்த விளையாட்டை எடுத்தாலும் முதலில் பார்ப்பது இதைத்தான்: முறை வராத பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் என்ன வேலை? வேலை இல்லையென்றால் அந்த விளையாட்டை மாற்றுவேன், இல்லையென்றால் விட்டுவிடுவேன்.

இந்தக் கணக்கில் முதலில் தோற்பது மியூசிக்கல் சேர். எல்லாப் பள்ளியிலும் பாட்டு விளையாட்டு என்றாலே அதுதான். 30 பேருக்கு 29 சுற்று. ஒரு சுற்றுக்கு 40 வினாடி என்று வைத்தாலும் 19 நிமிடத்துக்கு மேல் ஆகும். முதல் சுற்றில் அவுட் ஆன பிள்ளை மீதி நேரம் முழுக்கச் சுவரோரம். அந்த முதல் ஆள் யார் என்று பாருங்கள். பாட்டு நின்றதைச் சட்டென்று பிடிக்கத் தெரியாத பிள்ளை. கேட்கும் பயிற்சி யாருக்கு அதிகம் வேண்டுமோ அந்தப் பிள்ளையைத்தான் முதலில் வெளியே அனுப்புகிறோம்.

நானும் அனுப்பியவள்தான். குன்னூர் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் மூன்று வாரம் தொடர்ந்து முதல் சுற்றிலேயே அவுட். நாலாவது வாரம் நான் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். ஏன்டா என்றால், "நான் அவுட்டு மிஸ்" என்றான். கோபமில்லை, அழுகையில்லை, ஏதோ தன் பெயரைச் சொல்வது போல. எனக்குச் சுருக்கென்றது.

அப்புறம் மாற்றிய விதம் இது. அவுட் ஆனவர் போகும் இடம் சுவரோரம் இல்லை, மேளக்காரர் பெஞ்ச். செல்போன் பாட்டைத் தூக்கிப் போட்டாயிற்று. பெஞ்சில் இருப்பவர்கள் அடிப்பதுதான் பாட்டு, அவர்கள் நிறுத்தினால்தான் நிற்கும். எப்போது நிறுத்துவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். இதில் ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பெஞ்சுக்குப் போகிற ஆசையில் வேண்டுமென்றே அவுட் ஆவார்கள். ஆகட்டும். பெஞ்சில் ஐந்து இடம்தான், புதிதாக ஒருவர் வந்தால் முதலில் வந்தவர் எழுந்து ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும். நாற்காலிகளையும் குறைப்பதில்லை, எப்போதும் ஒன்று மட்டும் குறைவு. "யார் ஜெயிச்சது மிஸ்" என்று முதல் நாள் கேட்பார்கள். இரண்டாம் நாள் அந்தக் கேள்வி வராது.

நம் ஊர்ப் பழைய விளையாட்டுகளில் இந்தக் கோளாறு குறைவு. குலை குலையா முந்திரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு பிள்ளை துணியோடு வெளியே சுற்றுகிறது. சுற்றுகிற பிள்ளை ஒரு வரி, உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு வரி என்று பாட்டு போகிறது. ஆடுவது ஒருவர்தான், ஆனால் ஒருவருக்கும் போரடிப்பதில்லை. துணி என் முதுகுக்குப் பின்னால் விழலாம் என்ற படபடப்பு எல்லோருக்கும் உண்டு, வாயும் சும்மா இல்லை.

இதை வகுப்பறைக்கு இப்படிக் கொண்டுவந்தேன். ஓட்டம் கிடையாது (நம் வகுப்பறைகளில் ஓடினால் பெஞ்ச் முனையில்தான் போய் நிற்கும்). துணி விழுந்ததும் இருவரும் எதிரெதிர்த் திசையில் நடக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு முழுச் சுற்று போடுகிறார்கள்: தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், தட்டு, வீச்சு (கையைத் திருப்பிப் போடுவது), தட்டு, வீச்சு, மறுபடி அதே. 16 எண்ணிக்கை. பதினாறாவதில் இடத்தில் வந்து உட்கார வேண்டும். முந்தி வந்தாலும் தப்பு, பிந்தி வந்தாலும் தப்பு. வட்டம் பெரிதாக இருந்தால் அடி வைக்கிற அளவைக் கூட்ட வேண்டும், சிறிதாக இருந்தால் குறைக்க வேண்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை கடைசி நாலு எண்ணிக்கையில் குட்டிக் குட்டி அடியாக வைத்து நேரத்தை ஓட்டுவதைப் பார்க்க வேண்டுமே, தாளம் முடிகிற இடத்தில் வந்து சேர்வதை இதைவிட நன்றாக எந்தக் கரும்பலகையும் சொல்லித் தராது. சுற்றி இருப்பவர்கள் தாளத்தை விட்டால் இருவருக்கும் இடம் தப்பிவிடும், அதனால் அவர்களும் விடுவதில்லை.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பில்லை. ஜெனீவாவில் இசைக் கல்லூரி ஆசிரியராக இருந்த எமில் ஜாக் டால்குரோஸ், தாளத்தில் தடுமாறும் மாணவர்கள் நடக்கும்போது மட்டும் சீராக நடப்பதைப் பார்த்துத்தான் நடையிலிருந்தே லயத்தைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஜெர்மனியின் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப், வாத்தியத்துக்கு முன்னால் உடம்பு என்றார்: சொடுக்கு, கைதட்டு, தொடைதட்டு, கால்மிதி. ஹங்கேரியின் இசையமைப்பாளர் சோல்டான் கொடாய்க்கு, பாட்டை வாய்விடாமல் உள்ளுக்குள் கேட்கும் பழக்கம் முக்கியம். நான் ஆசிரியர் பயிற்சி படித்தபோது இவையெல்லாம் வரவில்லை. ஆனால் கும்மியும் கோலாட்டமும் தெரிந்தவர்களுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை.

இப்போது என் பெட்டியில் இருக்கிற நல்ல சரக்கைச் சொல்கிறேன். மலை ரயில் விளையாட்டு.

ரயில் விளையாட்டு எல்லோருக்கும் தெரியும், முன்னால் நிற்பவர் இஞ்சின், மற்றவர்கள் பெட்டி. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகிற நம் ரயிலில் கல்லாரிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் இஞ்சின் பின்னால் இருந்து தள்ளுகிறது. இந்த ஒரு விஷயம் விளையாட்டையே மாற்றிவிடும். வரிசையின் கடைசிப் பிள்ளைதான் இஞ்சின். அதன் கையில் கஞ்சிரா, இல்லையென்றால் ஒரு டப்பா. அது அடிக்கிற அடிக்குத்தான் எல்லோரும் கால் வைக்க வேண்டும். முன்னால் போகிற பிள்ளையால் இஞ்சினைப் பார்க்க முடியாது, காதால்தான் பிடிக்க வேண்டும். இஞ்சின் முன்னால் இருந்தால் பார்த்துப் பார்த்து நடந்துவிடுவார்கள், காது தூங்கும். வழக்கமாக வால் பக்கம் நின்று வம்பு செய்கிற ஆள் யாரோ அவரை இஞ்சின் ஆக்கிவிடலாம் என்பது கூடுதல் வசதி.

மேட்டுப்பாளையம் என்று நான் சொன்னதும் கிளம்புவார்கள். "தகதிமி தகஜுணு" வாயில், ஒரு அட்சரத்துக்கு ஒரு கால். கல்லார் வரை சாதாரண நடை. கல்லார் என்றதும் பாதி வேகம். இங்கேதான் கஷ்டம். பிள்ளைகளின் இயல்பான வேகம் பெரியவர்களுடையதைவிட அதிகம், வேகமாகப் போகச் சொன்னால் பறப்பார்கள், மெதுவாகப் போகச் சொன்னால்தான் தாளம் கையை விட்டு நழுவும். "ஏன் மிஸ் மெதுவா" என்று கேட்டால் பதில் கைவசம் இருக்கிறது. நிஜ ரயிலே பல்சக்கரப் பகுதியில் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகாது. 46 கிலோமீட்டர் ஏறி ஊட்டி சேர ஐந்து மணி நேரம் ஆகும், இறங்கும்போது மூன்றரை மணி நேரம். ஸ்டேஷனில் ரயிலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது போதும், மெதுவாக நடப்பது கௌரவமாகிவிடும். குன்னூரில் நிற்கும்போது கடைசிப் பிள்ளை முன்னால் வந்துவிடும், அதற்கு முந்தியது புது இஞ்சின். இப்படி நிறுத்தத்துக்கு நிறுத்தம் மாற்றினால் ஒரு பீரியடில் நாலைந்து பேர் இஞ்சின் ஆவார்கள். மற்ற 25 பேர் காத்திருக்கவில்லை, ரயிலில் இருக்கிறார்கள்.

அடுத்த வாரம் இதே விளையாட்டில் டனலைச் சேர்ப்பேன். நிஜப் பாதையில் 16 டனல் இருக்கிறது, நமக்கு ஒன்று போதும். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று கைகளைத் தூக்கிக் கோத்துக்கொள்கிறார்கள். இப்போது வாயில் தகதிமி மாதிரிச் சொற்கட்டு இல்லை, எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டு. விதி ஒன்றே ஒன்று: டனலுக்குள் இருக்கும்போது பாட்டு மனசுக்குள் போகும், வெளியே வந்ததும் பாட்டு எங்கே வந்திருக்கிறதோ அங்கிருந்து வாயில் வரும். கால் நிற்கக் கூடாது. முதலில் ஒரே களேபரமாக இருக்கும். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து பாடுவார்கள், பாட்டோ நாலு சொல் தாண்டிப் போயிருக்கும். மூன்றாவது தடவை ஏதாவது ஒரு பிள்ளைக்குப் பிடிபடும். டனலுக்குள் அதன் உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும், வெளியே தலை நீட்டியதும் குரல் சரியாக வந்து சேரும். அந்த முகத்தைப் பார்த்துப் பின்னால் வருகிறவர்கள் கற்றுக்கொள்வார்கள். நீங்கள் ஓரமாக நின்றால் அமைதி ஒரு பிள்ளையிலிருந்து அடுத்த பிள்ளைக்கு நகர்ந்துகொண்டே போவது தெரியும்.

ஒரு எச்சரிக்கை. "டனலுக்குள்ள போனா எல்லாரும் ஓன்னு கத்தத்தானே மிஸ் செய்வாங்க?" என்று ஒரு வாலு கட்டாயம் கேட்கும். உண்மைதான், எல்லா டூரிஸ்ட்டும் அப்படித்தான் கத்துகிறார்கள். அதற்கு எங்களுக்குள் ஒரு உடன்பாடு: ஊட்டி வந்து சேர்ந்ததும் கடைசியாக ஒரு டனல், அதில் மட்டும் கத்தலாம்.

இனி சில சில்லறை விஷயங்கள்.

விதிகளை விளக்குகிற நேரமும் காத்திருக்கிற நேரம்தான். நான் முன்பெல்லாம் ஐந்து நிமிடம் விளக்குவேன். இப்போது மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆடிக் காட்டிவிடுகிறேன், பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாலாவது சுற்றில் தானாகச் சேர்ந்துவிடுவார்கள். தப்பாக ஆடினால் ஆட்டத்தை நிறுத்தித் திருத்துவதில்லை, அடுத்த சுற்றில் நானே பக்கத்தில் நின்று ஆடுகிறேன். நிறுத்துவதற்கும் "சைலன்ஸ்" என்று கத்துவதில்லை. நான் "தகதிமி" என்றால் அவர்கள் "தகஜுணு" என்று சொல்ல வேண்டும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சத்தம் குறைத்து. மூன்றாவது தடவை கிசுகிசு. அதுவும் அவர்களுக்கு ஒரு ஆட்டம்தான்.

வாத்தியத்தைக் கையில் கொடுத்துவிட்டு "அடிக்காதே" என்று சொல்வது பாயசத்தை வைத்துவிட்டுச் சாப்பிடாதே என்பது மாதிரி. இருவருக்கு ஒன்று கொடுங்கள். ஒருவர் வாத்தியம், மற்றவர் அதையே தொடையில், பாட்டு ஒரு முறை முடிந்ததும் கை மாற்றம். கைமாறுவதும் தாளத்துக்குள் நடக்க வேண்டும் என்று வைத்தால் இழுபறி இல்லை. காசு செலவு வேண்டாம். பள்ளியைச் சுற்றி உதிர்ந்து கிடக்கிற கற்பூர மரக் (யூகலிப்டஸ்) காய்களைப் பொறுக்கிப் பழைய தகர டப்பாவில் போட்டால் அருமையான கிலுகிலுப்பை. தண்ணீர் பாட்டிலில் செய்யச் சொல்லித்தான் எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது, நம் நீலகிரி மாவட்டத்தில் அந்த பாட்டிலுக்கே தடை என்பதால் டப்பாதான் நமக்குச் சரி. தகரத்தில் சத்தமும் நன்றாக இருக்கும், கொஞ்சம் அதிகமாகவே.

சுருதியையும் பாருங்கள். பாட மாட்டேன் என்கிற பிள்ளைகளில் சிலருக்குப் பாட்டு எட்டவில்லை, அவ்வளவுதான். கீபோர்டில் நடு 'சி'க்கு அடுத்த 'டி'யிலிருந்து மேலே 'ஏ' வரை சின்னப் பிள்ளைகளுக்கு வசதியான இடம். நம் தொண்டைக்குச் சௌகரியமாகக் கீழே எடுத்தால் அவர்கள் முனகுவார்கள், இல்லையென்றால் கத்துவார்கள்.

மழை, குளிர் விஷயத்தை வெளியூர்க்காரர்கள் யாரும் எழுதுவதில்லை. தகரக் கூரையில் மழை அறைகிறபோது பாட்டு வகுப்பு நடத்த முயலாதீர்கள், தொண்டைதான் போகும். அந்த நாளில் கண்ணால் ஆடுகிற ஆட்டம் வையுங்கள். நான் காட்டுகிற உடல் தாளத்தை ஒரு சுற்று தள்ளி அவர்கள் செய்ய வேண்டும், அதாவது நான் இரண்டாவதைக் காட்டும்போது அவர்கள் முதலாவதைச் செய்துகொண்டிருப்பார்கள். பேச்சே தேவையில்லை, கண்ணை எடுத்தால் போச்சு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற காலையில் கைதட்டச் சொன்னால் விரைத்த கைக்கு வலிக்கும். முதல் ஐந்து நிமிடம் உள்ளங்கை தேய்ப்பதும் கால்மிதியும் மட்டும். தரையில் உட்கார வைக்காதீர்கள், சாக்கு போட்டாலும் ஜில்லென்று ஏறும். குளிர்காலத்தில் பிள்ளைகள் கலைவதற்குப் பாதிக் காரணம் தரைதான்.

வாயே திறக்காத பிள்ளை வகுப்புக்கு ஒன்று இரண்டு இருக்கும். நம் வகுப்புகளில் வீட்டில் படுக மொழி பேசுகிற பிள்ளை, எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து வருகிற பிள்ளை, கூடலூர் பக்கம் என்றால் மலையாளம் பேசுகிற பிள்ளை எல்லாம் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. பாட்டின் சொல் சிலருக்கு வாயில் நுழையாது, தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயம். தகதிமி யார் வீட்டு மொழியும் இல்லை, அதனால் எல்லோருக்கும் சமம். புதுப் பிள்ளை இருக்கிற வகுப்பில் முதல் மாதம் சொற்கட்டு விளையாட்டுதான் வைப்பேன். இன்னொன்று, படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையில் பெரியவர்களோடு வட்டத்தில் ஆடிப் பழகிய பிள்ளைகளுக்கு வட்டத்தில் சீராக அடி வைப்பதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நாள் அவர்களை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் ஆடிப் பாருங்கள்.

மிட்டாய், மார்க், பாய்ஸ் வெர்சஸ் கேர்ள்ஸ் இவை எதையும் நான் வைப்பதில்லை. வைத்தால் அந்த நாள் வகுப்பு ஜோராக நடக்கும், மறுக்கவில்லை. அடுத்த நாள் "மிட்டாய் எங்கே" என்பார்கள். பாட்டு அங்கேயே முடிந்தது.

ஒரு விளையாட்டு ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். "இன்னும் ஒரு தடவை மிஸ்" என்று கெஞ்சும்போதே நிறுத்திவிடுங்கள், அடுத்த வாரம் அதையே ஒரு சின்ன மாற்றத்தோடு எடுங்கள். ரயிலையே நான் மூன்று மாதம் ஓட்டியிருக்கிறேன்.

ஹெச்.எம். விஷயம். டனல் விளையாட்டு ஓரளவு பழகியதும் ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு வாசலில் நிற்க வையுங்கள். அன்றைக்கு மட்டும் டனலை நீளமாகக் கட்டுங்கள், நாலு ஜோடிப் பிள்ளைகள், ரயில் பாதிக்கு மேல் உள்ளே போகிற மாதிரி. அவர் காதுக்குக் கால் சத்தமும் முன்பக்கத்து ஏழெட்டுக் குரலும்தான் கேட்கும். மீதிப் பேர் உள்ளே பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னால் நம்ப மாட்டார். ஒவ்வொருவராக வெளியே வந்து பாட்டில் சேரும்வரை நின்று பார்க்கச் சொல்லுங்கள். கத்துகிற டனல் வருவதற்குள் அவரை ஆபீசுக்கு அனுப்பிவிடுவது உங்கள் பொறுப்பு.